ஒரே பெயர், பல எழுத்துக்கூட்டல்: பதிவேடுகளில் எம்மவரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

வெஸ்ட் ஈலிங்கின் சப்பல் ரோட்டில் உள்ள ஸ்ரீ கனக துர்க்கை அம்மன் ஆலயத்தை மேற்கு லண்டன் தமிழர்கள் எல்லோரும் அறிவார்கள். தமிழில் எழுதும்போது அந்தப் பெயரில் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதப் போனால்தான் சிக்கல் தொடங்குகிறது. "ஸ்ரீ" என்பதை எஸ்-ஆர்-ஐ, எஸ்-எச்-ஆர்-ஐ, எஸ்-ஆர்-ஈ-ஈ என்று மூன்று விதமாக எழுதுவோர் இருக்கிறார்கள். "கனக" என்பதன் நடுவில் சிலர் ஜி போடுவார்கள், சிலர் கே போடுவார்கள். "துர்க்கை"யை ஆலயம் ரி-எச்-யூ-ஆர்-கே-கே-ஏ-ஐ என்று எழுதுகிறது. ஒரு கே-யை விட்டு எழுதுவோரும், டி-யில் தொடங்கி துர்கை என்று எழுதுவோரும், வட இந்திய வழக்கில் துர்கா என்று முடிப்போரும் உண்டு. மூன்றை இரண்டாலும் நான்காலும் பெருக்கினால் 24. சொற்களைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கூடும்.

தேடற்பெட்டியில் இவற்றில் ஒன்றைத் தட்டுகிறோம். "முடிவுகள் எதுவும் இல்லை" என்று திரை சொல்கிறது. பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பதிலின் பொருள், நாம் தட்டிய அதே எழுத்துக்கள் அதே வரிசையில் அங்கே இல்லை என்பது மட்டுமே. தேடப்பட்டவர் இல்லை என்று அது சொல்லவில்லை.

இந்த வேறுபாடு எமது சமூகத்துக்குப் பணத்திலும் சட்டத்திலும் பாரமாக விழுகிறது. ஆலயங்கள், தமிழ்ப் பாடசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள் எல்லாம் இப்போது உறுப்பினர் விபரங்களைக் கணினியில் வைத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டுதான் கிஃப்ட் எய்ட் கோருகிறோம், கணக்கு முடிக்கிறோம், தகவல் கேட்டு வருவோருக்குப் பதில் சொல்கிறோம். ஆகவே தேடல் எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி நெகிழ்வாக அமைப்பது, எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம். மென்பொருள் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

எமது பெயர்கள் ஏன் இப்படிச் சிதறுகின்றன?

முதற் காரணம் எழுத்து. தமிழில் க என்ற ஓர் எழுத்தே இடத்துக்கு ஏற்ப மூன்று ஒலிகளைத் தருகிறது. த, ச, ப, ட ஆகியவையும் அப்படியே. ழ என்பதற்கு ஆங்கிலத்தில் நேரான எழுத்தே கிடையாது. ஒரே குடும்பத்தில் அண்ணனின் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், தம்பியின் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் தகப்பனாரின் பெயர் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் பெயரின் அமைப்பு. எமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்பதே எமது முறை. இங்கே படிவத்தில் "முதற்பெயர்", "குடும்பப்பெயர்" என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் சொந்தப் பெயரை முதற் கட்டத்தில் போடுவார். இன்னொருவர் கடவுச்சீட்டில் உள்ள வரிசையில் போடுவார். திருமணமான பெண்கள் சில இடங்களில் தகப்பன் பெயருடனும் சில இடங்களில் கணவன் பெயருடனும் பதிவாகியிருப்பார்கள். பிள்ளைகளுக்கோ தகப்பனின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். ஒரே வீட்டில் மூன்று "குடும்பப் பெயர்கள்" இருப்பது எமக்குப் புதுமை அல்ல. ஆனால் அந்த வீட்டைக் குடும்பப் பெயரை வைத்துத் தேடும் கணினிக்கு அது மூன்று வீடுகள்.

மூன்றாவது காரணம் இடப்பெயர்கள். வெஸ்ட் ஈலிங் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1871-இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் காசில் ஹில். பின்னர் காசில் ஹில் அன்ட் ஈலிங் டீன் ஆனது. 1899-இல்தான் வெஸ்ட் ஈலிங் என்ற பெயர் வந்தது. இன்றைய ஈலிங் மாநகரப் பிரிவு 1965-இல் அக்டன், ஈலிங், சவுத்தோல் ஆகிய மூன்றையும் சேர்த்து உருவானது. அதற்கு முன்பு இவை மிடில்செக்ஸ் மாவட்டத்தில் இருந்தன, இன்றும் சிலர் முகவரியில் மிடில்செக்ஸ் என்றே எழுதுகிறார்கள். இடத்தை வைத்து வடிகட்டும்போது பழைய பெயரையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இலக்கங்கள் கூட மாறும். இலங்கை அடையாள அட்டை இலக்கம் முன்பு ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுபவை 12 இலக்கங்கள் கொண்டவை. ஊரில் உள்ள காணி உறுதியில் பழைய இலக்கமும் புதிய ஆவணத்தில் புதிய இலக்கமும் இருந்தால் கணினிக்கு அது இரண்டு ஆட்கள்.

தேடற்பெட்டிக்குப் பின்னால் நடப்பது

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுப்பு. இந்த அமைப்புக்கு அடிப்படை போட்டது ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை. அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லினும் பொய்ஸும் 1974-இல் வெளியிட்ட கேள்வி மொழியே இன்று எஸ்.கியூ.எல். என்று அறியப்படுகிறது. நாம் பெட்டியில் தட்டுவது இந்த மொழியில் ஒரு நிபந்தனையாக மாறுகிறது: "இந்த நிரலில் இப்படி இருக்கும் வரிகளை மட்டும் காட்டு." கணக்குப் புத்தகத்தில் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்து, பொருந்தும் வரிக்குச் சரி அடையாளம் போடுவது போன்ற வேலைதான்.

நிபந்தனையை நான்கு விதமாக அமைக்கலாம்.

முதலாவது, அச்சொட்டான பொருத்தம். ஓர் எழுத்துப் பிசகினாலும் கிடைக்காது. தொண்டு அமைப்பின் பதிவு இலக்கம், கொம்பனி இலக்கம், பற்றுச்சீட்டு இலக்கம் போன்றவற்றுக்கு இதுவே சரி. பெயருக்கு இது உதவாது.

இரண்டாவது, தொடக்கப் பொருத்தம். "இப்படித் தொடங்குவன எல்லாம்" என்று கேட்பது. இது வேகமானது, ஏனெனில் அகரவரிசைப்படுத்திய சுட்டியைக் கணினி பயன்படுத்தலாம். ஆனால் அஞ்சற் குறியீட்டில் கவனம் வேண்டும். வெஸ்ட் ஈலிங்கின் குறியீடு டபிள்யூ 13. மத்திய லண்டனின் டபிள்யூ 1 பகுதியை மட்டும் எடுக்க நினைத்து "டபிள்யூ 1 என்று தொடங்குவன" என்று கேட்டால் 10 முதல் 14 வரை எல்லாமே வந்து சேரும். வெஸ்ட் ஈலிங்கும் அதற்குள் அகப்படும்.

மூன்றாவது, "உள்ளடங்கியது". எழுத்துத் துண்டு எங்கே இருந்தாலும் கிடைக்கும். முதற்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறிய எமது பெயர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சாதாரணச் சுட்டி இங்கே பயன்படாது. தொலைபேசிப் புத்தகத்தில் "ராஜா" என்று முடியும் பெயர்களைத் தேடச் சொன்னால் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டவேண்டும் அல்லவா? அதே நிலைதான். சில ஆயிரம் பேர் கொண்ட ஆலயப் பட்டியலுக்கு இது ஒரு பொருட்டல்ல.

நான்காவது, நாமே இடம் விட்டுக் கேட்பது. தரவுத்தள மொழியில் % என்பது எத்தனை எழுத்துக்களையும், _ என்பது ஒரே ஓர் எழுத்தையும் குறிக்கும். எக்செல், அக்சஸ் போன்றவற்றில் அதே வேலையை * குறியும் ? குறியும் செய்கின்றன. "கனக" என்பதை ஆங்கிலத்தில் தேடும்போது நடு எழுத்தின் இடத்தில் ? போட்டால் ஜி-யும் அகப்படும், கே-யும் அகப்படும். எக்செலில் உண்மையான கேள்விக்குறியையோ நட்சத்திரத்தையோ தேட வேண்டுமானால் அதற்கு முன்னால் ~ குறியைப் போடவேண்டும். எம்மிடையே பல சிறு சங்கங்கள் எக்செலிலேயே எல்லாவற்றையும் நடத்துவதால் இதை அறிந்திருப்பது நல்லது.

வெற்றுக் கட்டத்தில் விழும் பொறி

நல்ல தேடற் படிவத்தில் பெயர், அஞ்சற் குறியீடு, திகதி, தொகை என்று பல கட்டங்கள் இருக்கும். நிரப்பிய கட்டங்கள் மட்டும் நிபந்தனையாக வேண்டும், வெறுமையாக விட்டவை கணக்கில் வரக்கூடாது. இதுவே நெகிழ்வான வடிகட்டலின் அடிப்படை.

இதை அமைப்பதில் ஒரு குறுக்குவழி உண்டு. கட்டம் வெறுமையாக இருந்தால் அதன் இடத்தில் % குறியைப் போட்டுவிடுவது. "எதுவாக இருந்தாலும் சரி" என்பதுதானே அதன் பொருள் என்று தோன்றும். இங்கேதான் பொறி இருக்கிறது. தரவுத்தளத்தில் "தகவல் இல்லை" என்று விடப்பட்ட இடத்துக்குத் தனி நிலை உண்டு. அதை நல் என்பார்கள். நல் எதனுடனும் பொருந்தாது, % உடனும் பொருந்தாது. ஆகவே அஞ்சற் குறியீடு பதியப்படாத உறுப்பினர்கள் எல்லோரும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடுவார்கள். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கூட்டுத்தொகை மட்டும் குறையும்.

இதன் மறுபக்கமும் உண்டு. "ஈலிங் அல்லாதவர்களைக் காட்டு" என்று கேட்டால் நகரம் பதியப்படாதவர்கள் அதிலும் வரமாட்டார்கள். ஈலிங்கில் உள்ளோரையும் ஈலிங் அல்லாதோரையும் கூட்டினால் மொத்தம் வராத விந்தை இப்படித்தான் நேர்கிறது. சரியான வழி, வெறுமையான கட்டத்துக்கு நிபந்தனையே சேர்க்காமல் விடுவது. "தகவல் இல்லாதோர்" என்பதைத் தனித் தெரிவாகக் கொடுப்பது அதைவிட மேல். அந்தப் பட்டியலே பொருளாளருக்கு மிகவும் பயன்படும், ஏனெனில் யாரிடம் விபரம் கேட்கவேண்டும் என்பதை அது சொல்கிறது.

புதிய மென்பொருளைப் பரிசோதிக்க ஓர் எளிய வழி: எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் தேடுங்கள். வரும் எண்ணிக்கை மொத்த உறுப்பினர் எண்ணிக்கையுடன் பொருந்தவேண்டும்.

திகதியும், "அல்லது" என்ற சொல்லும்

பிரித்தானியாவின் தனிநபர் வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடிகிறது. "ஏப்ரல் 5 வரை" என்று வடிகட்டும்போது, பதிவில் திகதியுடன் நேரமும் சேர்ந்திருந்தால், கணினி ஏப்ரல் 5 பிறக்கும் நள்ளிரவுடன் நிறுத்திவிடும். அன்று பகலில் விழுந்த காணிக்கை முழுவதும் விடுபடும். "ஏப்ரல் 6-க்கு முன்" என்று கேட்டால் இந்தச் சிக்கல் இல்லை. 03/04 என்பது இங்கே ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. திகதியைத் தட்டாமல் நாட்காட்டியில் தெரிவுசெய்ய வைப்பது பாதுகாப்பானது.

"மற்றும்", "அல்லது" என்ற இரண்டு சொற்களும் எமது பேச்சில் ஒரு விதமாகவும் கணினியில் இன்னொரு விதமாகவும் வேலை செய்கின்றன. "ஈலிங் அல்லது சவுத்தோல், மற்றும் கிஃப்ட் எய்ட் உள்ளவர்" என்று கேட்கிறோம். கணினி "மற்றும்" என்பதையே முதலில் இணைக்கும். ஆகவே ஈலிங்கில் உள்ள எல்லோரும், சவுத்தோலில் கிஃப்ட் எய்ட் உள்ளவர் மட்டும் என்று பட்டியல் வரும். படிவம் இல்லாத ஈலிங் அன்பரின் பெயரிலும் வரி மீளக் கோரப்பட்டால் அது சட்டச் சிக்கல். "அல்லது" வரும் பகுதியை அடைப்புக்குறிக்குள் வைக்கவேண்டும் என்பதை மென்பொருள் செய்பவரிடம் சொல்லி வையுங்கள்.

ஒலியை வைத்துத் தேடுதல்

எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒலி ஒன்றுதானே, ஒலியை வைத்துத் தேடினால் என்ன? இந்த எண்ணம் நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்கரான ரொபர்ட் ரசல் 1918-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சவுண்டெக்ஸ் என்ற அந்த முறை அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளுக்குச் சுட்டி தயாரிக்கப் பயன்பட்டது. இன்றும் பல தரவுத்தளங்களில் ஒரு சொல் கட்டளையாகக் கிடைக்கிறது.

அதன் விதி எளிது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வை. பின் வரும் உயிரெழுத்துக்களையும் எச், டபிள்யூ, வை ஆகியவற்றையும் விடு. மற்றவற்றை ஒலிக் குடும்பத்துக்கு ஏற்ப 1 முதல் 6 வரை இலக்கமாக்கு. அடுத்தடுத்து ஒரே இலக்கம் வந்தால் ஒன்றாக்கு. மூன்று இலக்கத்துடன் நிறுத்து. போதாவிட்டால் பூச்சியம் சேர்.

துர்க்கை அம்மனின் பெயருக்கே போட்டுப் பார்ப்போம். ரி-எச் என்று தொடங்கும் துர்க்கைக்கு ரி 620 வருகிறது. டி என்று தொடங்கும் துர்கைக்கு டி 620. இலக்கம் ஒன்றே, முதல் எழுத்து வேறு. ஆகவே பொருந்தாது. யோகராஜா என்ற பெயரை வை-யில் தொடங்கினாலும் ஜே-யில் தொடங்கினாலும் இதே கதி. எமது பெயர்களில் குழப்பம் முதல் எழுத்திலேயே இருக்கிறது. சவுண்டெக்ஸோ முதல் எழுத்தை நம்பி நிற்கிறது.

நீளமான பெயர்களில் எதிர்மாறான குறை. சிவகுமார், சிவகுமாரன், சிவகுமாரி மூவருக்கும் எஸ் 125 என்றே வரும். ஜி-என் போட்டு எழுதப்படும் சிவஞானத்துக்கும் அதே எஸ் 125 தான். சிவ என்று தொடங்கும் பெயர்கள் நிறைந்த எமது பட்டியலில் இப்படித் தேடினால் பாதி ஊர் வந்து நிற்கும். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது.

இன்னொரு முறை எழுத்து மாற்றங்களை எண்ணுவது. சோவியத் கணிதவியலாளர் லெவென்ஸ்டைன் 1965-இல் வகுத்தது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்றவேண்டும் என்று பார்ப்பார்கள். "கனக"வின் இரண்டு வடிவங்களுக்கும் இடையே தூரம் 1. ஆலயம் எழுதும் துர்க்கைக்கும் டி-யில் தொடங்கும் துர்கைக்கும் இடையே தூரம் 4. தட்டச்சுப் பிழைகளுக்கு இந்த முறை நன்று. மரபு வேறுபாட்டுக்குப் போதாது.

எமது பெயர்களுக்குச் சிறப்பாக வேலை செய்வது, எமது ஒலியமைப்பை அறிந்து நாமே வகுக்கும் ஒரு திறவுச் சொல். ரி-எச், டி-எச், டி எல்லாவற்றையும் ரி ஆக்கு. ஜி-யைக் கே ஆக்கு. எஸ்-எச், சி-எச் இரண்டையும் எஸ் ஆக்கு. இசட்-எச் என்பதை எல் ஆக்கு. இரட்டித்த எழுத்தை ஒற்றையாக்கு. இப்படிச் செய்தால் ஆலயம் எழுதும் துர்க்கையும் டி-யில் தொடங்கும் துர்கையும் ஒரே சொல்லாகிவிடும். இந்தத் திறவுச் சொல்லைத் தனி நிரலில் வைக்கவேண்டும். அசல் பெயரைத் தொடக்கூடாது, ஏனெனில் ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதுவே அவரது பெயர். தேடுவோர் தட்டும் சொல்லையும் இதே விதியால் மாற்றி ஒப்பிட வேண்டும். ஓர் இளைஞர் ஒரு மாலையில் எழுதிவிடக்கூடிய வேலை இது.

தமிழில் தட்டினால் தீர்ந்துவிடுமா?

தமிழ் எழுத்திலேயே பதிந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் அங்கும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் உள்ளன.

பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. புலம்பெயர் நாடுகளில் வெளியான மலர்கள், அழைப்பிதழ்கள், உறுப்பினர் பட்டியல்கள் பெரும்பாலும் அப்படித்தான். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. "அம்மா" என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். யூனிகோட்டில் "அம்மா" என்று தேடினால் அது ஒருநாளும் கிடைக்காது. பழைய கோப்பை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றியே தீரவேண்டும்.

யூனிகோட்டிலும் "ஸ்ரீ" ஒரு விசேடமான சிக்கல். அதை ஸ், ர, ீ ஆகியவற்றால் அமைக்கலாம். 2005-இல் யூனிகோட்டில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பின் அதைக் கொண்டும் அமைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வெவ்வேறு சொற்கள். யூனிகோட்டின் வழமையான சீராக்கல் முறையும் இதை ஒன்றாக்காது. ஆலயங்களின் பெயர்கள் பெரும்பாலும் "ஸ்ரீ" என்றே தொடங்குவதால் இதற்கென ஒரு விதி எழுதுவது அவசியம். கொ, கோ, கௌ போன்றவற்றின் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருக்கலாம், அதைச் சீராக்கல் சரிசெய்யும். காலுக்குப் பதிலாக ர எழுத்தைத் தட்டுவதும் எம்மிடையே சாதாரணம். அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

பணம் எங்கே போகிறது?

கிஃப்ட் எய்ட் திட்டத்தில், வரி செலுத்தும் அன்பர் ஒருவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் தொண்டு அமைப்பு 25 பென்ஸ் மேலதிகமாகப் பெறலாம். அதற்கு அவரது பெயரும் வீட்டு முகவரியும் கொண்ட ஒப்புதல் படிவம் இருக்கவேண்டும். மாதம் 20 பவுண் தருபவருக்கு ஆண்டுக்கு 240 பவுண், அதன் மேல் 60 பவுண். படிவம் ஓர் எழுத்துக்கூட்டலிலும் வங்கி வரவு இன்னொன்றிலும் இருந்தால் அந்த 60 பவுண் கோரப்படாமல் போகும். நன்கொடை கிடைத்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டுக்குள் கோரவேண்டும். அதன் பின் போனது போனதுதான்.

இரண்டு வெவ்வேறு ஆட்களை ஒருவராக எண்ணிக் கோருவது இதைவிட மோசம். ஆகவே தேடலை அகலமாக விரிக்கலாம், இணைப்பதை மனிதரே செய்யவேண்டும். பெயர் ஒத்தால் மட்டும் போதாது. அஞ்சற் குறியீடும் வீட்டிலக்கமும் ஒக்கவேண்டும். பிரித்தானிய அஞ்சற் குறியீட்டின் பின்பகுதி எப்போதும் மூன்று எழுத்துருக்கள் கொண்டது. இடைவெளியை நீக்கிவிட்டு, கடைசி மூன்றுக்கு முன்னால் ஓர் இடைவெளி வைத்தால் எல்லாப் பதிவும் ஒரே வடிவுக்கு வரும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடிக் கொடுத்தால் அந்தப் பதில் முழுமையாகாது.

பொதுப் பதிவேடுகளில்

சரிட்டி கொமிஷன் பதிவேட்டிலும் கொம்பனீஸ் ஹவுஸ் பதிவேட்டிலும் இலவசமாகத் தேடலாம். இரண்டிலும் எமது ஆலோசனை ஒன்றே. ஒரு தடவை எப்படியாவது கண்டுபிடியுங்கள், பின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். பெயர் மாறினாலும் இலக்கம் மாறாது. கண்டுபிடிக்க, பெயரில் மிகக் குறைவாக மாறும் சொல்லை மட்டும் தட்டுங்கள். "துர்க்கை"யை விட "அம்மன்" நல்லது, அதனுடன் இடத்தைச் சேர்க்கலாம்.

கொம்பனி இயக்குநர்களைத் தேடும்போது பிறந்த மாதமும் ஆண்டும் தெரியும். 2015 ஒக்ரோபருக்குப் பின் வரும் பதிவுகளில் நாள் மறைக்கப்படுகிறது. ஒரே பெயர் கொண்ட பலரைப் பிரித்தறிய அது உதவும். ஒரே ஆள் இரண்டு விதமாகப் பதிந்திருந்தால் இரண்டு ஆட்களாகத் தோன்றுவார். 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர்கள் தமது அடையாளத்தை உறுதிப்படுத்துவது சட்டப்படி கட்டாயமாகியுள்ளது. கடவுச்சீட்டிலும் பதிவேட்டிலும் பெயர் வேறாக இருப்பவர்கள் இதையிட்டு இப்போதே கவனம் எடுப்பது நல்லது.

வலை அகலமானால்

நெகிழ்வான தேடலுக்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. வங்கிகளும் பணமாற்று நிறுவனங்களும் வாடிக்கையாளர் பெயரைத் தடைப்பட்டியல்களுடன் ஒப்பிடுகின்றன. அங்கே தேடல் வேண்டுமென்றே அகலமாக வைக்கப்படுகிறது. எம்மிடையே ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் ஊருக்கு அனுப்பும் மருத்துவச் செலவுப் பணம் நாட்கணக்கில் தடைப்படலாம். முழுப்பெயர், பிறந்த திகதி, பெறுபவருடன் உள்ள உறவு ஆகியவற்றை முன்கூட்டியே தெளிவாகக் கொடுப்பதே இதற்கு மருந்து. கணினி தருவது விசாரிக்க வேண்டியோரின் பட்டியல் மட்டுமே, அதைத் தீர்ப்பாக எடுக்கக்கூடாது. எமது ஆலயப் பட்டியலை நாம் ஆளும்போதும் இது பொருந்தும்.

பாதுகாப்பு மற்றொன்று. பெட்டியில் தட்டுவதை அப்படியே கேள்வியுடன் ஒட்டும் மென்பொருளில், தீயவர் ஒருவர் பெயருக்குப் பதில் ஒரு கட்டளையைத் தட்டி உள்ளே நுழையலாம். 2015-இல் டோக்டோக் நிறுவனத்தில் இப்படித்தான் 156,959 வாடிக்கையாளரின் விபரம் பறிபோனது. அடுத்த ஆண்டு தகவல் ஆணையாளர் 400,000 பவுண் தண்டம் விதித்தார். தட்டுவதைத் தரவாக மட்டும் அனுப்பி, கேள்வியைத் தனியே வைப்பதே தீர்வு. இது பல்லாண்டு காலமாக அறியப்பட்ட முறை, மேலதிகச் செலவும் இல்லை.

மென்பொருள் செய்விக்கும் சங்கங்கள் கேட்கவேண்டியவை

1. வெறுமையான கட்டம் நிபந்தனையிலிருந்து முற்றாக விடப்படுகிறதா? தகவல் இல்லாதோரைத் தனியே எடுக்கலாமா?
2. முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டிலும் ஒரே நேரத்தில் தேடுமா?
3. எமது ஒலிக்கு ஏற்ற திறவுச் சொல் நிரல் உண்டா? அசல் பெயர் மாறாமல் இருக்கிறதா?
4. ஒருவருக்கு வேறு பெயர்களையும் பழைய முகவரிகளையும் சேர்த்து வைக்கலாமா?
5. தமிழ் எழுத்து யூனிகோட்டில் சீராக்கப்படுகிறதா? "ஸ்ரீ"யின் இரு வடிவமும் கிடைக்குமா?
6. தட்டுவது கேள்வியுடன் ஒட்டாமல் தனியே அனுப்பப்படுகிறதா?
7. வெறும் % அல்லது * தட்டி முழுப் பட்டியலையும் யாரும் இறக்கிக்கொள்ள முடியுமா? யார் எதைத் தேடினார் என்ற பதிவு இருக்கிறதா?
8. இரண்டு பதிவுகளை ஒன்றாக்கும் முன் மனிதரின் ஒப்புதல் கேட்கப்படுகிறதா? பிழையானால் மீளப் பிரிக்கலாமா?

இவற்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தால் கையொப்பமிடலாம், ஏழாவதின் முதற் கேள்விக்கு மட்டும் "இல்லை" என்று வரவேண்டும். இப்போதுள்ள பட்டியலை எக்செலில் வைத்திருப்போர் இந்த வாரமே அஞ்சற் குறியீட்டு வாரியாக அதை அடுக்கிப் பார்க்கலாம். ஒரே வீட்டிலக்கத்தில் ஒரே ஒலியுடன் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும் இடங்களைக் குறியுங்கள். அடுத்த தடவை அந்த அன்பரைக் காணும்போது உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டுத் திருத்துங்கள்.